புதுப் போனுக்கு வராத ஒன்று

போன கிழமை நாம் விட்டுவந்த இடத்திலேயே அந்தப் போன் கிடந்தது. சாப்பாட்டு மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், வயிறு ஊதிப்போய்.

பற்றரி வீங்கிப் பின்மூடி ஒரு பக்கம் எழும்பிவிட்டது. பரீதா அதற்கு இரண்டு றப்பர் வளையம் போட்டு இறுக்கி வைத்திருந்தாள். றப்பர் வளையத்துக்கு அடங்குகிற வீக்கமா அது? மகள் சப்ரினா நேற்றுப் பின்னேரம் கண்டு பதறி, "உம்மா, இது வெடிச்சிரும், இனிச் சார்ஜ் போடவே கூடாது" என்று சத்தம் போட்டுவிட்டு, அந்தக் காலோடு கடைத்தெருவுக்குப் போய் ஒரு புதுப் போனோடு திரும்பியிருந்தாள்.

இந்த வீட்டை இன்றைக்குத்தான் முதன்முதல் எட்டிப் பார்க்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிற அபூதாஹிர் பாஸை அறியாதவர் இல்லை. வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, ஊர் வழக்கப்படி அவரும் மனைவி பரீதாவும் பின்பக்க அறையில் இருக்கிறார்கள். மருமகன் சவூதியில். அபூதாஹிருக்கு ஆண்பிள்ளைகளும் இருவர். போன வருசம் ஒரு விடியலில் அந்த இருவரும் போன படகு கவிழ்ந்தது. மூத்தவன் ஸப்வானை வேறு படகுக்காரர் தூக்கிக் கரைசேர்த்தார்கள். இளையவன் நஸ்ரி குச்சவெளிக் கரையில் மையித்தாக ஒதுங்கினான். எஞ்சின் கடலுக்கு அடியில் போய்விட்டது.

அந்த எஞ்சினை முதல் நாள் பிரித்துப் பூட்டிக் கொடுத்தது வேறு யாருமில்லை, அபூதாஹிர்தான்.

எஞ்சின் நின்றுபோய்த்தான் படகு அலைக்குக் குறுக்கே விழுந்ததா? ஊரில் ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே இதைக் கேட்கவில்லை. பதில் தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவனிடம் அபூதாஹிரும் கேட்கவில்லை. மையித்து வீட்டில்கூட மூத்தவனோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஸப்வான் கொஞ்ச நாள் வாசலோடு நின்று பார்த்தான். பிறகு கொழும்பில் ஓர் இரும்புக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அங்கேயிருந்து முதல் தடவை உம்மாவுக்குப் போன் எடுத்தபோது, அவன் குரலைக் கேட்டதும் பரீதா மயங்கி விழுந்தாள். அது போதுமாக இருந்தது. அடுத்த நாளே அபூதாஹிர் பரீதாவின் போனைத் தூக்கிக்கொண்டு ஒரு போன்கடைக்குப் போய், "இந்த நம்பரிலயிருந்து வரக்கூடாது" என்று ஸப்வானின் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டார். பெண்சாதிக்கு ஏதும் ஆகிவிடக்கூடாது என்பதற்காக. தனக்குத்தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டார். மனுசன் தனக்குச் சொல்லுகிற பொய்க்குச் சாட்சி தேவையில்லையே.

தன்னுடைய போனை அவர் அதற்கு முன்பே நிற்பாட்டி அலுமாரிக்குள் போட்டிருந்தார். ஆறுதல் சொல்ல எடுப்பவர்களோடு கதைக்க அவருக்கு ஏலவில்லை. ஆகவே கிழவனுக்கும் கிழவிக்கும் சேர்த்து இருந்தது அந்த ஊதிப்போன போன் ஒன்றுதான். அதிலும் வெறும் அழைப்பும் படமும் மட்டுமே. வாட்ஸ்அப் எல்லாம் சப்ரினாவின் போனோடு சரி.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் தூரத்திலிருக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்து ஸலாம் சொல்லுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஸப்வானும் எடுத்தான். ஒரு வெள்ளியும் தவறாமல் எடுத்தான். மணி அடிக்காது. ஆனால் அழைப்பு விபரத்தில் அவன் பெயர், குறுக்குக் கோடு போட்ட சின்னச் சிவப்பு வட்டத்தோடு வந்து குந்தியிருக்கும். அபூதாஹிர் பள்ளிவாசலால் வந்து, சோறு தின்று, பரீதா பாத்திரம் கழுவப் போகிற நேரம் பார்த்து அதைத் தேடி எடுத்து அழித்துவிடுவார்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை.

*

"வயர் எங்க?" என்று கேட்டார் அபூதாஹிர்.

"என்ன வயர்?"

"ரெண்டையும் தொடுக்கிற வயர்."

"வயர் தேவையில்ல வாப்பா. ரெண்டும் தங்களுக்குள்ள காத்திலயே கதைக்கும்." சப்ரினா இரண்டு போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

வாழ்க்கை முழுக்க எண்ணெய்த் தாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவே குழாய் பூட்டிய மனிதருக்கு இது பிடிக்கவில்லை. குழாய் இருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாம். காற்றில் போனால் எதைப் பிடிப்பது?

"பழசுக்குப் பற்றரியை மாத்தினாப் போதாதா?" என்றார். நேற்றிலிருந்து அவர் இதைச் சொல்லுவது எத்தனையாவது தடவையோ.

"பற்றரி கிடைச்சா நாளைக்கு மாத்தலாம். அதுக்குள்ள செத்திட்டா? நஸ்ரிட படம் முழுக்க இதுக்குள்ளதானே வாப்பா இருக்கு."

அபூதாஹிர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புதுப் போனின் திரையில் ஒரு சதுரக் கட்டம் வந்தது. அதைப் பழைய போனின் கமராவால் காட்ட வேண்டும். கமராக் கண்ணாடி உப்புக்காற்றில் மங்கிப்போய் இருந்ததில் அது பிடிபட மாட்டேன் என்றது. சப்ரினா முந்தானை நுனியால் துடைத்தாள், பிடித்தாள், திரும்பவும் துடைத்தாள். கடைசியில் ஒருபடியாகப் பிடித்தது. திரையில் ஒரு நீலக்கோடு எறும்பு வேகத்தில் ஊரத் தொடங்கியது.

"பள்ளிக்குப் போக முந்தி முடிஞ்சிரும். சார்ஜ் குறைவாத்தான் இருக்கு. தாக்குப்பிடிச்சாச் சரி."

"எல்லாம் வருமா மகள்?"

"எல்லாம் வரும். நம்பர், படம், வீடியோ, உம்மாட சுபஹுத் தொழுகை அலாரம், எல்லாம்."

"எல்லாமெண்டா, எல்லாமா?"

சப்ரினா நிமிரவில்லை. "என்ன கேக்கிறீங்க வாப்பா?"

"இல்ல, இந்த விளம்பரக்காரனுகள் எடுத்துக் கரைச்சல் தருவானுகளே. ஒண்டு ரெண்டு நம்பரை நிப்பாட்டி வெச்சனான். அது?"

"அது வராது. இது வேற கம்பனிப் போன். நிப்பாட்டினதெல்லாம் பழசோட போயிரும். இதுக்கு ஆரும் எடுக்கலாம்."

"ஆ," என்றார் அபூதாஹிர்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. பயம் வந்ததா என்றால், வந்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஒரு வருசமாக அவருக்குள் எது வந்தாலும் உள்ளே போய்ச் சேருவதில்லை. பல்லுக்கு மரக்கிற ஊசி போட்டவன் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதுபோல, நெஞ்சைக் கிள்ளிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"சிம்மை எப்ப மாத்துவாய்?"

"படமெல்லாம் வந்து சேர்ந்தாத்தான். இல்லாட்டி இதைத் தொடமாட்டன். வேற ஆரும் தொடவும் வேணாம்." சப்ரினா எழும்பினாள். "நான் உடுப்பைக் காயப்போட்டிட்டு வாறன். பாத்துக்கொள்ளுங்க."

பரீதா குசினிக்குள் இருந்தாள். தேங்காய்ப்பால் கொதிக்கிற மணம் வந்தது. அவள் காலையிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. படம் வந்ததா, எவ்வளவு வந்தது என்று ஒரு கேள்விகூட இல்லை. அதுவும் அபூதாஹிருக்கு விசித்திரமாகப் பட்டது. ஆனால் யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையை அவர் விட்டு நாளாகிவிட்டது.

நீலக்கோடு பாதியைத் தாண்டியது.

அபூதாஹிர் பழைய போனைக் கையில் எடுத்தார்.

எதற்கு எடுத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கைதான் எடுத்தது. எடுத்த கையோடு பின்கதவால் இறங்கி, வளவைத் தாண்டி, தன்னுடைய பட்டறைக்குள் போனார். பட்டறை என்பது நாலு தகரமும் ஒரு பலகை மேசையும். நஸ்ரியை அடக்கிவிட்டு வந்த நாளிலிருந்து அவர் அங்கே ஸ்பானர் தொட்டதில்லை. திருத்தத் தந்த எஞ்சின்களை உரியவர்கள் ஒவ்வொருவராக வந்து, ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. நீலக்கோடு அசையாமல் நின்றுவிட்டது. தூரம் கூடியதில் இணைப்பு அறுந்துவிட்டது போலும்.

அப்போதுதான் அவருக்குக் கணக்கு விளங்கியது. இங்கே கொஞ்சநேரம் நின்றால் போதும். சார்ஜ் முடியும். போன் அணையும். படம் வரவில்லை என்று சப்ரினா சிம்மை மாற்றமாட்டாள். இன்றைய ஜும்ஆ தப்பிவிடும். நாளைக்கு எங்கேயாவது ஒரு பற்றரி தேடலாம். கிடைத்தால் அந்தத் தடை அப்படியே இருக்கும், ஸப்வானின் குரல் இந்த வீட்டுக்குள் வராது. எஞ்சின் நின்றதா இல்லையா என்று யாரும் அவருக்குச் சொல்லமாட்டார்கள்.

கிடைக்காவிட்டால்?

கிடைக்காவிட்டால் நஸ்ரி இதற்குள்ளேயே கிடந்து போவான். அவன் கூரையில் ஏறி டிவி டிஷ்ஷைத் திருப்புகிற வீடியோ ஒன்று இருந்தது. கீழேயிருந்து பரீதா, "இறங்குடா, கால் முறியப் போகுது" என்று கத்துவாள். அவன் மேலேயிருந்து, "உம்மா, உங்கட நாடகம் தெரியுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்பான். பரீதா கத்தியபடியே சிரிப்பாள். அவள் சிரித்தது பதிந்திருப்பதும் அந்த ஒரு இடத்தில்தான்.

மூத்தவனை வாசலுக்கு வெளியே விட்டாயிற்று. இளையவனையும் தன் கையால் விடுவதா? மரத்துப்போன மனிதர்தான். ஆனால் அவ்வளவுக்கு இல்லை.

"வாப்பா!" சப்ரினா கொடிக்கயிற்றுப் பக்கத்திலிருந்து கத்தினாள். "அதை ஏன் தூக்கிக்கொண்டு வந்தீங்க? அறுந்திட்டுதா?"

"வெளிச்சத்தில பாக்கலாமெண்டு."

"தகரக் கொட்டிலுக்குள்ள என்ன வெளிச்சம்?"

அவர் போனைக் கொண்டுபோய்ப் புதுப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். சப்ரினா என்னென்னவோ அமத்தினாள். திரை கொஞ்சநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூவரில் இருவர் மூச்சுப் பிடித்து நிற்க, மற்றவள் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"விட்ட இடத்திலயிருந்து தொடங்குது," என்றாள் சப்ரினா. "அல்ஹம்துலில்லாஹ்."

அபூதாஹிர் இனி மேசையைப் பார்க்கவில்லை. குளிக்கப் போனார்.

*

அவர் வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வெளியே வந்தபோது புதுப் போன் தனியாக மேசையில் கிடந்தது. பழையதைச் சப்ரினா சிம் கழற்றி, ஒரு மண்சட்டிக்குள் போட்டு, வளவு மூலையில் வைத்துவிட்டாள். வெடித்தாலும் அங்கேயே வெடிக்கட்டும் என்று.

"எல்லாப் படமும் வந்திட்டுது வாப்பா. பாக்கிறீங்களா?"

"புறகு."

பள்ளிக்குப் போகிற வழியில் அந்தப் போன்கடையை எட்டிப் பார்த்தார். திரும்ப ஒரு தடவை தடுத்து வைக்கச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? போன் கையில் இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. இருந்தாலும் பிரயோசனமில்லை. கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார், அவரும் ஜும்ஆவுக்குத்தான்.

"என்ன பாஸ், போன் ஏதும் பிழையா?"

"இல்ல, சும்மா."

இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள். கடைக்காரர் மழையைப் பற்றிக் கதைத்தார். கந்தளாயில் மழையாம், தம்பலகாமத்தில் வயலுக்குள் யானையாம். அபூதாஹிர் ஓம் ஓம் என்றார்.

குத்பாவில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அவரால் சொல்ல ஏலாது. தொழுகையில் எல்லோரும் குனிந்தபோது குனிந்தார், நிமிர்ந்தபோது நிமிர்ந்தார். ஸலாம் கொடுத்து முடிந்ததும் வழக்கத்தில் கடைசியாக எழும்புகிறவர் இன்றைக்கு முதல் ஆளாகச் செருப்பைத் தேடினார். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

ஓடிப்போய் என்ன செய்யப்போகிறார்? அதுவும் தெரியாது. மணி அடித்தால் பரீதா எடுப்பாள். அவன் குரலைக் கேட்பாள். விழுவாள். விழாவிட்டால், "எஞ்சினுக்கு என்ன நடந்த மகன்?" என்று கேட்பாள். கேட்டதை இவரிடம் வந்து சொல்லுவாள். இவர் எங்கே போவது?

வீட்டுக்குள் நுழைந்தபோது ஒன்றும் நடந்திருக்கவில்லை. சோறு பரிமாறியிருந்தது. புதுப் போன் மேசையில் அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை அங்கே கொண்டுவந்து வைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

"ஆரும் எடுத்தாங்களா?"

"இல்ல," என்றாள் பரீதா. "சாப்பிடுங்க."

சப்ரினா தன்னுடைய சோற்றைப் போட்டுக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள். மீன் ஆணமும் முருங்கைக்காயும். அபூதாஹிர் பிசைந்தார், வாயில் வைத்தார், விழுங்கினார். உப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் கண் போனில் போய் விழுந்தது.

"இண்டைக்கு மண்ணெண்ணெய் அடுப்பைத் திருத்திறன் எண்டு சொன்னீங்க."

"ம்."

"விளக்குமாறும் வாங்கணும்."

"ம்."

பரீதா தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் தள்ளினாள். பிறகு வழக்கம்போலப் பாத்திரம் கழுவ எழும்பவில்லை. எதிர்க் கதிரையில் இருந்தபடியே இருந்தாள். அது அபூதாஹிருக்கு நெருடியது.

"கழுவல்லையா?"

"நான் எழும்பிப் போனா நீங்க போனைத் தேடுவீங்க," என்றாள் பரீதா. "இண்டைக்குத் தேட ஒண்டுமில்ல. சிவப்பு வட்டம் இந்தப் போன்ல வராது."

அபூதாஹிரின் கை சோற்றுக்குள் நின்றுவிட்டது.

அவள் சத்தம் போடவில்லை. அழவுமில்லை. மீன்காரன் இன்றைக்கு வரவில்லை என்று சொல்லுகிற குரல்தான்.

"எப்ப தெரியும்?"

"ஆரம்பத்திலேயே தெரியும். ஸப்வான் சப்ரினாக்கு எடுத்துக் கேட்டான், உம்மாட போன் ஏன் வெட்டுப்படுது எண்டு. அவள் பாத்தாள். பாத்திட்டு எனக்கிட்டச் சொன்னாள்."

"அவனோட கதைக்கிறியா?"

"ஒவ்வொரு வெள்ளியும். நீங்க பள்ளிக்கு இறங்கினதும், அவன் அங்க பள்ளிக்குப் போற வழியில, சப்ரினாட போன்ல. அண்டைக்கு விழுந்தன், ஓம். அதுக்குப் புறகு விழல்ல. புள்ளைட குரலைக் கேட்டு உம்மா எத்தினை நாளைக்கு விழுவாள்?"

அபூதாஹிர் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். கோபம் வரவேண்டிய இடம் இது. ஒரு வருசமாக ஒரு வீட்டுக்குள்ளேயே தன்னை மடையனாக்கியிருக்கிறார்கள். கோபத்தைத் தேடிப் பார்த்தார். அதுவும் கிடைக்கவில்லை.

"அப்ப ஏன் அந்தத் தடையை எடுத்துவிடல்ல? சப்ரினாக்கு ஒரு நிமிச வேலை."

பரீதா மேசையில் விழுந்திருந்த ஒரு சோற்றுப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தாள்.

"அழிக்க முந்தி நீங்க அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறதைக் குசினியிலிருந்து காணுவன். அவன்ட பேரைப் பாத்துக்கொண்டு நிப்பீங்க. எவ்வளவு நேரம் நிக்கிறீங்க எண்டு உங்களுக்கே தெரியாது. தடையை எடுத்துவிட்டா நீங்க அந்தப் போனையும் நிப்பாட்டிப் போட்டிருவீங்க, புறகு அந்தப் புள்ளையோட உங்களுக்கு மிச்சம் என்ன இருக்கு? அதால விட்டுட்டன்."

வெளியே ஒரு முச்சக்கரவண்டி போனது. 

"நான் உனக்காகத்தான்..." என்று தொடங்கினார்.

"எனக்காக இல்ல," என்றாள் பரீதா. "இஞ்ச பாருங்க, ஒண்டை யோசிச்சுப் பாருங்க. என்னோடதான் அவன் பள்ளிக்குப் போக முந்தியே கதைச்சு முடிச்சிடுறானே. அதுக்குப் புறகு ஏன் இந்த நம்பருக்கு எடுக்கிறான்? நீங்க பள்ளியால வந்து சோறு தின்னுற நேரம் பாத்து ஏன் எடுக்கிறான்? உங்கட போன் அலுமாரிக்குள்ள கிடக்கிறது அவனுக்குத் தெரியும். இதை விட்டா உங்களுட்ட வர அவனுக்கு வேற வழி இருக்கா?"

அபூதாஹிர் நிமிர்ந்தார்.

"எனக்கா எடுக்கிறான்?"

"வேற ஆருக்கு? தடுத்து வெச்சிருக்கிறது எண்டு தெரிஞ்சுகொண்டேதான் எடுக்கிறான். வாப்பா பேரையாவது பாப்பார் எண்டு சொல்லுவான்."

ஒரு வருசம். அத்தனை வெள்ளிக்கிழமையும். அவர் பெண்சாதிக்குக் கட்டிய வேலி என்று நினைத்திருந்தார். வேலிக்குள்ளே நின்றது அவர் ஒருவர் மட்டுமே என்று இப்போதுதான் தெரிந்தது. கை கழுவ வேண்டும் என்ற நினைவு கூட வரவில்லை. விரலில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"அவனுக்கு உங்களுட்டச் சொல்ல ஒண்டிருக்கு," என்றாள் பரீதா. "எனக்குச் சொல்லமாட்டான். எவ்வளவோ கேட்டுப் பாத்தன். வாப்பாக்கிட்டத்தான் சொல்லுவன் எண்டுறான்."

அபூதாஹிருக்குத் தெரியும் அது என்னவென்று. அதற்குத்தானே இத்தனையும்.

"எனக்குக் கேக்க ஏலாது பரீதா."

"ஏலாதெண்டா வேணாம். இந்தா, இந்தப் போன்லயும் நிப்பாட்டலாம். சப்ரினா காட்டித் தருவாள். ஆனா இனி நான் பாத்துக்கொண்டு இருக்கமாட்டன். ஒரு புள்ளையைக் கடல் கொண்டுபோன. மத்தவனை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோயிரக்கூடாது."

போன் அடித்தது.

புதுப் போன், புது மணி. இந்த வீட்டில் அதுவரை கேட்டிராத ஏதோ ஒரு மெட்டு. இருவரும் ஒரு கணம் அது எங்கேயிருந்து வருகிறது என்றே தெரியாமல் இருந்தார்கள். திரையில் பெரிதாக அவன் பெயர். பக்கத்தில் வட்டமும் இல்லை, கோடும் இல்லை.

பரீதா எழும்பினாள். இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை.

அபூதாஹிர் பச்சைப் பொட்டை அமத்தினார். ஒன்றும் ஆகவில்லை. திரும்ப அமத்தினார். பழையதில் அமத்தினால் போதும், இதில் என்ன செய்ய வேண்டுமோ யார் கண்டது! மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் ஒன்றிரண்டு தடவையில் நின்றுவிடும். நிற்கட்டும் என்று விட்டுவிடலாம், யாரும் குற்றம் சொல்ல ஏலாது. சோற்று விரலால் பொட்டைப் பிடித்து அங்குமிங்கும் இழுத்தார். எந்தப் பக்கம் இழுபட்டதோ, மணி நின்றது. திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின.

காதில் வைத்தார்.

மறுமுனையில் சத்தமே இல்லை. எடுப்பார்கள் என்று அவனும் எதிர்பார்த்திருக்கவில்லை. தூரத்தில் யாரோ இரும்புக் கம்பிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுகிற ஓசை மட்டும் கேட்டது.

"உம்மா?" என்றான் ஸப்வான். பிறகு மிக மெதுவாக, "வாப்பா?"

அபூதாஹிர் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பிலேயே அவன் ஆளைக் கண்டுகொண்டான்.

"வாப்பா, வெச்சிராதீங்க. ஒண்டு மட்டும் சொல்லிறன். ஒண்டே ஒண்டு. அதுக்குப் புறகு நீங்க கதைக்காட்டியும் பரவாயில்ல."

இப்போதுதான் வருகிறது. அபூதாஹிர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிரித்துப் பூட்டிய ஒவ்வொரு ஆணியும் கண்முன்னால் வந்து நின்றது. இந்த வருசம் முழுக்க ஒவ்வொரு இரவும் அவர் அந்த எஞ்சினைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டியிருக்கிறார். பிழை எங்கே என்றுதான் இன்றுவரை பிடிபடவில்லை.

"சொல்லு மகன்," என்றார்.

"எஞ்சின் நிக்கல்ல வாப்பா."

கம்பிகளின் ஓசை நின்றது. அல்லது அவருக்குத்தான் கேட்கவில்லை.

"என்ன?"

"எஞ்சின் கடைசி வரைக்கும் ஓடின. கவிண்டு தண்ணிக்குள்ள போகக்குள்ளயும் ஓடிக்கொண்டுதான் இருந்த. நீங்க செய்த வேலையில ஒரு பிழையுமில்ல. இதை மையித்து வீட்டிலயே சொல்ல வந்தனான். நீங்க முகத்தைத் திருப்பிட்டீங்க."

அபூதாஹிர் கதிரையில் உட்கார்ந்தார். எப்போது எழும்பி நின்றார் என்று அவருக்கே தெரியாது. ஒரு வருசமாகக் கேட்கப் பயந்த பதில் வந்துவிட்டது, அதில் அவர் பெயர் இல்லை. அழ வேண்டும்போல இருந்தது. எப்படி அழுவது என்று மறந்துபோயிருந்தது.

பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. நல்லாக ஓடுகிற எஞ்சின், புயலில்லாத விடியல், கடலில் பிறந்து வளர்ந்த இரண்டு பொடியன்மார்.

"அப்ப ஏன் மகன் கவிண்ட?"

ஸப்வான் மூச்சை இழுப்பது கேட்டது. இழுத்த மூச்சை அவன் விடவில்லை.

"உம்மா பக்கத்தில நிக்கிறாவா, வாப்பா?"

அபூதாஹிர் சாத்திய குசினிக் கதவைப் பார்த்தார். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தமும் இல்லை, பாத்திரச் சத்தமும் இல்லை.

"கொஞ்சம் வெளிய போங்க வாப்பா. இது அவவுக்குக் கேக்கக்கூடாது."

அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, செருப்பைக்கூட மறந்து அந்த உச்சிவெயிலுக்குள் இறங்கினார். ஒரு வருசமாக எதுவும் உறைக்காத மனிதருக்கு, மணல் காலைச் சுட்டது.